அம்பிட்டிய வீட்டுப் பொத்தான் பவளம்

1. எக்ஸ்பேட் ஆன கதை

செத்துப்போன ஒரு பவளத்துக்குப் போஸ்ட்மோர்ட்டம் செய்ய வரச்சொல்லி ஒரு நாள் எனக்குப் போன் வந்தது.

பேசியவர் தில்லைநாதன் ஐயா. ஓய்வுபெற்ற இன்ஜினியர். யாழ்ப்பாணத்து ஆள். கண்டிக்கு வேலையாக வந்து, அம்பிட்டியவில் வீடு கட்டி, அங்கேயே தங்கிவிட்டவர். பிள்ளைகள் இருவரும் கனடாவில். வீட்டு ஹோலில் அவர் வைத்திருந்த கடல் தொட்டியை அமைத்துக் கொடுத்தவள் நான்.

"பிள்ளை, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. என்ர கோறல் ஒண்டு செத்துப் போச்சு. சவர்க்காரத்தாலதான் செத்ததெண்டு நீங்கள் பார்த்துச் சொல்லவேணும்."

"சவர்க்காரம் எப்படிங்க ஐயா தொட்டிக்குள்ள போச்சு?"

"அதைத்தானே சொல்லுறன். உவள் லெட்சுமி, சட்டி பானை கழுவின கையைத் தொட்டிக்குள்ள விட்டிருக்கிறாள். நான் கேட்டா ஒத்துக்கொள்ளுறாள் இல்லை. நீங்கள் எக்ஸ்பேட். நீங்கள் சொன்னா வாயை மூடுவாள்."

பார்த்தீர்களா அழகை? நான் இன்னும் பவளத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. தீர்ப்பு எழுதி முடிந்துவிட்டது. கையெழுத்துப் போட மட்டும் நான் வேண்டும். அன்றுவரை அந்த வீட்டில் எனக்குப் பெயர் "தொட்டி கழுவுற பிள்ளை". சாட்சி சொல்ல ஆள் தேவைப்பட்டதும் ஒரே போனில் எக்ஸ்பேட், அதாவது நிபுணர், ஆகிவிட்டேன்.

லெட்சுமியை எனக்கு நன்றாகத் தெரியும். கம்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். புருஷன் இல்லை. அந்த வீட்டில் சமையல், கூட்டுவது, துடைப்பது எல்லாம் அவள்தான். பின்பக்க அறையில் மகள் தர்ஷினியோடு இருந்தாள். மகள் கண்டியில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாள். அந்த அறை இருந்ததால்தான் அந்தப் படிப்பும் இருந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2. மலையில் கடல் வளர்ப்பவர்கள்

நான் கண்டி டவுனில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவின் பலசரக்குக் கடை மூலையில் தங்கமீன் விற்று ஆரம்பித்தது, பிறகு வீடு வீடாகவும் ஹோட்டல் ஹோட்டலாகவும் போய்த் தொட்டி பராமரிக்கிற தொழிலாக வளர்ந்தது. ஒரு த்ரீவீலர், வாளிகள், குழாய், உப்பு அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டர். இவைதான் என் ஒஃபிஸ். "உங்கட மிஸ்டர் வரல்லியா?" என்று கேட்காத வீடு குறைவு. மிஸ்டர் வந்திருந்தால் மீன்களுக்குத்தான் ஆபத்து. அவருக்குச் சாளை மீனைப் பொரித்தால் தெரியும், உயிரோடு பார்த்தால் தெரியாது.

இப்போது முழங்கால் சொல்வழி கேட்பதில்லை. வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கால்தான் ஓய்வு பெற்றது, வாய் பெறவில்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நாலு விஷயம் சொல்லிவைக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் வாடிக்கையாளர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். மீனைப் பற்றிப் பிறகு படிக்கலாம்.

கடுகண்ணாவையில் தங்குமிடம் நடத்திய ஒருவர், கடல் தொட்டிக்கு நான் கொடுத்த உப்பு முடிந்ததும் சமையலறை உப்பை அள்ளிக் கொட்டினார். மீனெல்லாம் மல்லாந்த பிறகு எனக்கு போன் செய்து, "இதுவும் கடல் உப்புத்தானே மிஸ், பாக்கெட்டிலயே போட்டிருக்கே" என்றார். இன்னொருவர் கொழும்பு போகும்போதெல்லாம் கேனில் கடல் தண்ணீர் பிடித்து வருவார். மேலே எண்ணெய் மினுங்கும். "இயற்கையான தண்ணிங்க" என்பார். வேறொரு மகாராசன், யாரோ விற்றார்கள் என்று, தொட்டியைக் குளிரவைக்கிற சில்லர் வாங்கிப் பூட்டினார். கண்டியில்! ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

இவர்களைக்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்கவே கூடாதவர்கள் பெயர் சூட்டுகிறவர்கள். வட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் நீல லைட்டில் எடுத்த படத்தைப் போடுவார். அந்த வெளிச்சத்தில் என் முகத்தைப் படம் எடுத்தாலும் அரிய வகைப் பவளம் மாதிரித்தான் தெரியும். உடனே பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள். அதில் எந்தப் பெயர் விலை கூடியதோ அதுதான் சரியான பெயர் என்று முடிவாகும். அதற்குப் பிறகு ஒருவரும் பவளத்தைப் பார்ப்பதில்லை. பெயரைத்தான் பார்ப்பார்கள், அதற்குத்தான் சாப்பாடு போடுவார்கள்.

தில்லைநாதன் ஐயாவின் இரண்டு பவளங்களும் அப்படித்தான் "டென்ட்ரோ" ஆகின, அதாவது பாறையில் ஒட்டி வளர்கிற, விலை கூடிய ஒரு பவளம். கொழும்பில் பேப்பரோடு முறையாக இறக்குமதி செய்கிற ஒருவரிடம் வாங்கியிருந்தார். அந்த மட்டில் சந்தோஷம். நம் கடலில் உயிருள்ள பவளத்தைப் பெயர்த்து எடுப்பது சட்டப்படி குற்றம். எடுத்தவன் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். நான் கடைசியாகத் தொட்டி கழுவிவிட்டுப் போன பிறகுதான் ஐயா வாங்கினார், அது என்ன என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குரூப்பில் கேட்டார்.

3. கமெரா கண்டது

நான் போனபோது ஐயா எனக்காகவே கதிரை போட்டு, டீவியில் கமெராவை இணைத்து வைத்திருந்தார். மனைவி பவானி அன்ரி சோஃபாவில் இருந்தார். லெட்சுமி சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் தர்ஷினி, பள்ளிக்கூட வெள்ளை உடுப்பு மாற்றாமல்.

ஐயா நடந்ததை விளக்கினார். இரண்டு பவளங்களும் பொத்தான் அளவு. அவர் இரண்டையும் மணலில் சரிக்குச் சமமாக, ஒரு சிப்பிக்கு இருபக்கமும் வைத்தார். விடிந்து பார்த்தால் வேறு இடத்தில் இருந்தன. திருப்பி வைத்தார். மறுபடியும் மாறின.

"கல்லுத் தானா நடக்குமே பிள்ளை? இந்த வீட்டில தொட்டிக்குக் கிட்டப் போறது ஆர்? நானும் உவளும். நான் மாத்தேல்லை. அப்ப ஆர்?"

இன்ஜினியர் மூளை! கணக்கு எவ்வளவு சுத்தமாக முடிந்தது பாருங்கள்.

லெட்சுமி இல்லையென்று சொன்னாள். ஆகவே கமெரா பூட்டினார். அது எந்நேரமும் ஓடுகிற கமெரா அல்ல. யாராவது அசைந்தால் மட்டும் விழித்துக்கொண்டு படம் பிடிக்கிற வகை. எனக்குப் போட்டுக் காட்டினார். லெட்சுமி துணியோடு வருகிறாள், கண்ணாடியை வெளியே துடைக்கிறாள், போகிறாள். மறுபடி வருகிறாள், துடைக்கிறாள், போகிறாள். ஒவ்வொரு தடவையும் ஐயா "பாத்தீங்களே? பாத்தீங்களே?" என்று என் பக்கம் திரும்பினார்.

நான் பார்த்தேன். நடுவில் வேறு சில படங்களும் ஓடின. அவற்றை அவர் ரிமோட்டால் தள்ளித் தள்ளி விட்டார்.

"ஐயா, அதயும் போடுங்க."

"அது நான்தான்."

"பரவால்லங்க, போடுங்க."

போட்டார். ஐயா சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு, சிப்பியை நகர்த்துகிறார், பவளத்தை எடுத்து வைக்கிறார், ஒரு அடி பின்னால் போய் அழகு பார்க்கிறார். அவள் கை தண்ணீருக்குள் இருந்த படம் ஒன்றுகூட இல்லை. அவர் கை இல்லாத நாளே இல்லை. பொத்தான் அளவுப் பவளம் மெதுவாக நகர்வதற்கெல்லாம் அந்தக் கமெரா விழிக்காது. மனிதர் வந்தால்தான் விழிக்கும். அதனால் அதற்குத் தெரிந்த குற்றவாளி மனிதர் மட்டும்தான். இதைக் கண்டுபிடிக்க எந்தப் பட்டமும் தேவையில்லை, கொஞ்சம் வெட்கம் இருந்தால் போதும்.

பிறகு குரூப்பில் ஒரு மேதாவி யோசனை சொல்லியிருக்கிறார்: "கோறலைப் பசை போட்டுக் கல்லில ஒட்டுங்கோ, பேந்து ஆரும் அசைக்க ஏலாது." ஐயா சூப்பர் குளூவால் ஒன்றைப் பாறையில் ஒட்டினார். மற்றதை ஒட்டுவதற்குள் டியூப் இறுகிவிட்டது. அதன் நல்ல காலம். ஒட்டிய பவளம் சில நாட்களில் சுருங்கிச் செத்தது. உடனே சவர்க்காரக் கதை பிறந்தது. அன்றைக்குத்தான் மகளுக்கு முன்னால் லெட்சுமியைப் பார்த்து, "பொய்க்காரி, மாசம் முடிய அறையைக் காலி செய்" என்று சொல்லியிருக்கிறார்.

நான் வாளி எடுக்கச் சமையலறைக்குப் போனேன். லெட்சுமி குரலைத் தாழ்த்தவெல்லாம் இல்லை.

"மிஸ், வேல போனா போகட்டுங்க. எனக்கு கையி காலு இருக்கு. எம்புள்ள முன்னுக்கு என்னய பொய்க்காரின்னுட்டாரு. அதே புள்ள முன்னுக்கு, இல்ல, நீ பொய் சொல்லலன்னு அவரு வாயால சொல்லணும். எனக்கு அது போதும்."

"நா மொதல்ல பவளத்த பாக்குறேன்" என்றேன். வேறென்ன சொல்வது? எனக்கும் அதுவரை எதுவும் தெரியாது.

4. கவிழ்த்துப் பார்

பவளத்தை எல்லோரும் வாய்ப் பக்கமாகத்தான் பார்க்கிறார்கள். நிறம், வாயைச் சுற்றிய கொம்பு, பளபளப்பு எல்லாம் அங்கேதான் இருக்கிறது, படம் எடுக்கவும் அதுதான் நல்லது. அடையாளம் காண வேண்டுமானால் கவிழ்த்துப் பாருங்கள். இந்தத் தொழிலில் நான் கற்ற பாதி, பொருட்களைக் கவிழ்த்துப் பார்த்துக் கற்றதுதான்.

செத்ததைப் பாறையிலிருந்து பிளேடால் பெயர்த்தேன். அடிப்பக்கம் முழுக்கப் பசை. பசையைச் சுரண்டினால், நடுவில் ஒரு சின்ன வட்டத் துவாரம். அதை யாரோ தார் ஊற்றி மூடியது போல் பசை அடைத்திருந்தது. உள்ளேயிருந்து வந்த நாற்றம் இருக்கிறதே, பவானி அன்ரி யன்னலைத் திறந்துவிட்டார். பவளம் செத்தால் நாறும். ஆனால் இது கருவாட்டு நாற்றம். குச்சியால் கிளறியபோது நூல் மாதிரி ஒன்று கறுத்து வந்தது.

உயிரோடு இருந்ததை மணலிலிருந்து மெல்ல எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்தேன். டென்ட்ரோ என்றால் அடியில் பாறையிலிருந்து உடைத்த தழும்பு இருக்கும். இதற்குத் தழும்பே இல்லை. தேய்த்து எடுத்த மாதிரி வழவழப்பு. எதிலும் ஒட்டி வளர்ந்ததே இல்லை. அதே இடத்தில் அதே துவாரம். கொஞ்ச நேரம் அசையாமல் வைத்திருந்தேன். துவாரத்துக்குள்ளிருந்து வெளிறிய ஒரு சின்னத் தும்பிக்கை எட்டிப் பார்த்தது. என் விரலைத் தொட்டது. சரக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது.

இதன் பெயர் ஹெட்டரோசாமியா. அதுவரை நான் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கத்துத் தொட்டிகளில் எதிலும் கண்டதில்லை. கையில் வைத்திருந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம், சிரிப்புக்கூட வந்தது. அந்தச் சிரிப்பைக் கெடுத்தது அன்ரியின் சத்தம்.

"ஐயோ, புழு!"

ஐயா துள்ளி எழுந்தார். "பரசைட்! குரூப்பில சொன்னவங்கள், இப்பிடிப் புழு இருக்குமெண்டு. அயடீனில தோய்க்கவேணும். பொறுங்கோ, இடுக்கி எடுத்துக்கொண்டு வாறன், இழுத்து எடுப்பம்."

அலுமாரியைத் திறந்து இடுக்கியும் எடுத்துவிட்டார். நான் பவளத்தைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றேன்.

"ஐயா, அந்த இடுக்கிய வைங்க. ஒன்ன கொன்னது போதும்."

"நானோ கொன்றது?"

"சவர்க்காரம் கொல்லல. ஒங்க பசைதான் கொன்னுச்சு. இது ரெண்டு உசிரு சேந்து இருக்குற வீடு. மேல இருக்கிறது பவளம். கீழ் வீட்டுல இருக்கிறது புழு. நீங்க கீழ் வீட்டுக் கதவ அடச்சுட்டீங்க. புழு மூச்சு முட்டிச் செத்து உள்ளயே அழுகிருச்சு. அந்த அழுகல்ல பவளமும் போயிருச்சு."

அவருக்கு விளங்கவைக்க வேண்டியிருந்தது. உங்களுக்கும் சொல்கிறேன். இந்தப் பவளம் மணல் தரையில் வாழ்கிறது. மணலில் சும்மா கிடக்கிற எதையும் கடல் மூடிவிடும். புழு சின்ன வயதில் ஒரு செத்த நத்தையின் ஓட்டுக்குள் குடியேறுகிறது. பவளக் குஞ்சு அந்த ஓட்டின்மேல் வந்து குந்தி, அதையே மூடி வளர்கிறது. புழு உள்ளேயிருந்து தலையை நீட்டி மணலைக் கிண்டித் தின்றுகொண்டு, போகிற இடமெல்லாம் வீட்டை இழுத்துப் போகிறது. புழுவுக்குப் பாதுகாப்பு. பவளத்துக்குக் கால்.

"அப்ப நடந்தது..." என்று இழுத்தார் ஐயா.

"ஆமாங்க. அது நடந்துச்சு. ஒருத்தரும் நகத்தல."

ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவளைக் காப்பாத்தச் சொல்லுறீங்கள்" என்றார்.

5. வெள்ளை பேசன்

கோபம் வந்தால் எனக்கு வேலை நன்றாக ஓடும். வெள்ளை பேசன் ஒன்று கேட்டேன். தொட்டி மணலையே அதில் பரப்பி, தொட்டித் தண்ணீரையே ஊற்றினேன். பவளத்தை நடுவில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். பக்கத்தில் அவருடைய அந்தப் பெருமைமிக்க சிப்பி.

"ஐயா, கதிரைய இழுத்துப் போட்டு ஒக்காருங்க. ஒங்க கமெரா வேணாம், ஒங்க கண்ணே போதும். யாரும் கை வைக்கக்கூடாது."

"எவ்வளவு நேரம்?"

"அது எழும்புற வரைக்கும்."

அன்ரி இஞ்சிப் பிளேன்டீ போட்டுக் கொண்டுவந்தார். லெட்சுமி நகரவில்லை. அவளை நகரச் சொல்ல அன்று யாருக்கும் துணிவில்லை. ஐயா முதலில் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருந்தார். பிறகு முன்னுக்குக் குனிந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். பிளேன்டீ ஆறியது. அன்ரி சூடாக்கிக் கொண்டுவந்தார். அதுவும் ஆறியது. இந்தப் புழுவுக்கு இன்றைக்குப் பார்த்து உடம்பு சரியில்லாமல் போனால் ஒரு பிள்ளையின் படிப்பு போய்விடும்.

அந்தச் சின்னத் தும்பிக்கை வெளியே வந்தது. மணலைத் துழாவியது. உள்ளே போனது. மறுபடி வந்து, வளைந்து, மணலில் ஊன்றியது. பவளம் ஒரு பக்கம் சரிந்தது. விழுந்தது. மறுபடியும் ஊன்றியது.

"தூக்குது" என்றார் ஐயா. குரலே மாறிவிட்டது. "தூக்குது, தூக்குது... இஞ்ச பாரப்பா, தூக்குது!"

பொத்தான் புரண்டு நிமிர்ந்தது. பிறகு மெதுவாக, வெகு மெதுவாக, சிப்பியை விட்டு விலகிப் போக ஆரம்பித்தது. பின்னால் மணலில் ஒரு கோடு விழுந்துகொண்டே வந்தது.

மனிதர் குழந்தை ஆகிவிட்டார். போனை எடுத்து வீடியோ பிடித்தார். குரூப்பில் போட்டார். கனடாவுக்குக் கோல் எடுத்தார். "நடக்குதடா! கோறல் நடக்குது! ஹெட்டரோசாமியா. இதுக்குள்ள ஒரு புழு இருக்கு, அதுதான் இதைச் சுமக்கிறது, சிம்பயோசிஸ்..." நான் சொன்ன அத்தனையும் என் கண்ணுக்கு முன்னால் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பாக மாறியது. போகட்டும், அது எனக்குப் பழக்கம். பிறகு பேசனுக்குமேல் குனிந்து, உண்மையாகவே மனம் இரங்கி, புழுவைப் பார்த்துச் சொன்னார்:

"பாவம், உன்னைப் பிழையா நினைச்சுப்போட்டன்."

நான் கேட்டேன். லெட்சுமியும் கேட்டாள். தர்ஷினியும் கேட்டாள்.

ஐயா நிமிர்ந்தார். "லெட்சுமி, இஞ்ச வந்து பார், என்ன அதிசயம்! பேந்து போய் எல்லாருக்கும் நல்ல தேத்தண்ணி ஒண்டு போடு."

லெட்சுமி வந்தாள். பேசனைப் பார்த்தாள். "ஐயா, புழுவுக்குப் பாவம்னீங்க. எனக்கு?"

"உனக்கென்ன? பிரச்சினை முடிஞ்சுதுதானே. நீ இருக்கலாம். அறையும் காலி செய்யத் தேவையில்லை."

"இருக்கச் சொல்றீங்க. சரிங்க. எம்புள்ள இங்கதான் நிக்கிறா. அவகிட்ட சொல்லுங்க, நா பொய் சொல்லலன்னு."

அவ்வளவுதான் அவள் கேட்டது. ஒரு வசனம். ஐயா அன்ரியைப் பார்த்தார். அன்ரி பிளேன்டீ கோப்பையைப் பார்த்தார். ஐயா சிரித்துக்கொண்டு, "இதென்ன கோர்ட்டே, வழக்குப் பேச? சின்ன விசயத்தைப் பெருப்பிக்காதை" என்றார். போன் சத்தமிட்டது. குரூப்பில் யாரோ கை தட்டியிருந்தார்கள். அவர் அதைப் பார்க்கக் குனிந்தார்.

லெட்சுமி வீட்டுச் சாவியை டீவி மேசையில் வைத்தாள். பின்பக்க அறைக்குப் போனாள். பை ஏற்கனவே கட்டித்தான் இருந்தது.

6. இதை வளர்க்கத்தான் வேண்டும் என்றால்

கதையை நிறுத்தி இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு எவனோ ஒருவன் "நடக்கும் பவளம் எங்கே வாங்கலாம்" என்று தேடப்போகிறான். எனக்குத் தெரியும் உங்களை.

பசை கூடாது. இதை எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன். பாறையில் வைக்கவும் கூடாது, விழுந்து செருகிக்கொள்ளும். மென்மையான மணல் ஒரு விரல் ஆழத்துக்காவது இருக்க வேண்டும். அந்த மணல் பழையதாக, உயிரோட்டம் உள்ளதாக இருக்க வேண்டும். அரிசி களைவதுபோல் புது மணலைக் கழுவிக் கழுவிப் போட்டால் புழு தின்ன என்ன இருக்கும்? புழு பட்டினி கிடந்தால் பவளம் முடமாகும். முடமான பவளம் மணலில் புதையும். தண்ணீரைச் சுழற்றுகிற பவர்ஹெட்டை நேரே பிடித்து ஊதாதீர்கள். லைட்டும் மட்டாக இருக்கட்டும். கொம்புகள் விரிந்திருக்கும் நேரம் பார்த்து, உறைந்த மைசிஸ் இறாலைக் கரைத்து, பிப்பெட்டால் வாய்க்குப் பக்கத்தில் விடுங்கள். நண்டும் கொத்துகிற மீனும் இருக்கிற தொட்டியில் வேண்டாம். காலையில் இடம் மாறியிருந்தால் சந்தோஷப்படுங்கள். மாறாமல் ஒரே இடத்தில் கிடந்தால் அப்போது எனக்கு போன் செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல், குற்றவாளியைத் தேடுவதற்கு முன் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். நான் கற்ற பாடம் இதுதான். பவளத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

7. கம்பளை பஸ்

அன்றைக்கு அவர்கள் இருவரையும் பைகளோடு என் த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டேன். கம்பளையில் லெட்சுமியின் தங்கை வீடு இருந்தது. பஸ் ஸ்டாண்டில் விடச் சொன்னாள். த்ரீவீலர் அம்பிட்டிய வளைவுகளில் இறங்கியது. எனக்குத்தான் தாங்கவில்லை.

"தர்ஷினி, ஒங்கம்மா ஒன்னும் பண்ணல. நானே சொல்றேன், நா பாத்தேன்" என்றேன்.

"எனக்குத் தெரியும் ஆன்ட்டி. அம்மா பொய் சொல்லமாட்டாங்க" என்றாள் அவள். "ஆனா நீங்க சொல்ல வேண்டிய ஆள் இல்லையே."

பதினெட்டு வயதுக்கு எவ்வளவு தெளிவு! அந்தத் தெளிவில் ஒரு சொட்டு மேலே ஐயா வீட்டு ஹோலில் இருந்திருந்தால்! எனக்குக் கண் எரிந்தது. புகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச தூரம் போனதும் லெட்சுமி கேட்டாள். "மிஸ், அந்தப் புழு இல்லாட்டி அது என்னாங்க ஆகும்?"

"மணல்ல புதைஞ்சிரும்."

லெட்சுமி யோசித்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "அப்ப ஐயாவுக்குச் சீக்கிரமா ஒரு ஆளப் பாக்கச் சொல்லுங்க."

அந்தப் பிள்ளை கம்பளையிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து படித்தாள். லெட்சுமி கம்பளையிலேயே ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையலுக்குச் சேர்ந்தாள். நன்றாக இருக்கிறார்கள் என்று எழுத ஆசைதான். கஷ்டப்படுகிறார்கள், நிமிர்ந்து இருக்கிறார்கள். அப்படித்தான் எழுத முடியும்.

சில மாதங்கள் கழித்து ஐயாவின் போன்.

"பிள்ளை, தொட்டிக் கண்ணாடியெல்லாம் வெளியால தூசி பிடிச்சுப் போச்சு. வேலைக்கு வாறவளவை ஒருத்தியும் நிக்கிறாளவை இல்லை. நீங்கள் லெட்சுமியைக் காணுறனீங்கள்தானே? நான் மனதில வச்சுச் சொல்லேல்லை எண்டு சொல்லுங்கோ. சொரி எண்டும் ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ."

"ஐயா, பவளம் எப்படி இருக்கு?"

"அது நல்லா நடக்குது. நேற்று இந்த மூலையில, இண்டைக்கு அந்த மூலையில."

"நல்லதுங்க. ஒங்க சொரிய சொமந்துகிட்டு ஊரூரா நடக்க நா என்ன அந்தப் புழுவா? கம்பளைக்கு நாள் முழுக்க பஸ் ஓடுது. ஒங்களுக்குச் சொந்தமா ரெண்டு காலு இருக்கு. போய்ச் சொல்லிட்டு வாங்க."

போனை வைத்துவிட்டார். அதோடு அந்த வீட்டு வேலையையும் நான் விட்டுவிட்டேன். இன்னொரு பராமரிப்புக்காரர் இப்போது போகிறார். பவளம் கொழுத்துப்போய் இருக்கிறது என்று அவர்தான் சொன்னார்.

பொத்தான் அளவு ஒரு பவளம், நூல் அளவு ஒரு புழுவை வைத்துக்கொண்டு, அந்தத் தொட்டியை இதற்குள் எத்தனையோ தடவை சுற்றி வந்துவிட்டது. ஐயா அம்பிட்டியவிலிருந்து கம்பளைக்கு இன்னும் கிளம்பவில்லை.